வயசாயிடுச்சு என்று விடுவதற்கு முன்

பதினான்கு வயதுப் பூனை நடுச்சாமத்தில் கூடத்துக்கு வந்து ஊரைக் கூட்டுகிறது. கிழட்டு நாய் சுவரைப் பார்த்தபடி பத்து நிமிடம் நிற்கிறது. பத்து வருடமாக வாசலில் மட்டுமே சிறுநீர் கழித்த பிராணி பூஜையறை ஓரத்தில் நனைத்து வைக்கிறது. வீட்டில் யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "வயசாயிடுச்சு, இனி அப்படித்தான் இருக்கும்." மருந்து கொடுத்தால் சரியாகியிருக்கக்கூடிய எத்தனையோ நோய்கள் இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. முதுமையில் நாயும் பூனையும் காட்டும் விசித்திரப் பழக்கங்களில் எதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம், எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும், எதற்கு அன்றைக்கே ஓட வேண்டும் என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் வயதுக் கணக்கு. நாயின் ஒரு வருடம் மனிதனின் ஏழு வருடம் என்று சொல்வது பொருந்தாத கணக்கு. ஒரு வயது நாய் குட்டி போடும் பருவத்தை எட்டிவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தை அப்படியா இருக்கிறது? உடல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம் நாய்க்கு முதுமை வரும். கிரேட் டேன் ஐந்தாறு வயதிலேயே முதியதாகிவிடும். லாப்ரடாருக்கு ஏழெட்டு. பொமரேனியன் போன்ற சிறிய நாய்கள் பத்து வயதிலும் துள்ளிக்கொண்டிருக்கும். பூனைக்குப் பத்து, பதினொன்றைத் தாண்டினால் முதுமை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வயதுக்குப் பிறகு ஒரு பழக்கம் மாறினால், அந்த மாற்றம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம். மருத்துவர் "எப்போதிலிருந்து?" என்று கேட்கும்போது பெரும்பாலோர் சொல்லும் "கொஞ்ச நாளா" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நடுச்சாமக் கூப்பாடு

வயதான பூனை இரவில் அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஓலமிடுவதுதான் அதிகம் பேர் புலம்பும் விஷயம். அபசகுனம் என்று பயப்படுபவர்களும் உண்டு. பசி, இணைதேடல் இரண்டும் இல்லை என்றால், பெரும்பாலும் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்: தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரத்த அழுத்தம், காது கேளாமை, மறதி நோய். முதல் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

தைராய்டு அதிகமான பூனையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம், சாப்பாடும் எடையும் எதிரெதிர்த் திசையில் போவது. வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு இன்னும் கேட்கும். ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும். ஒரு இடத்தில் உட்காராது. திடீரென இளமை திரும்பியதுபோல் ஓடும். "எங்க பூனைக்குப் பன்னெண்டு வயசு, குட்டி மாதிரி விளையாடுது" என்று பெருமையாகச் சொல்பவரிடம் நான் உடனே கேட்பது, "எடை பார்த்தீர்களா?" என்றுதான். இந்த நோய் பூனைகளில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது 1979இல், நியூயார்க்கில். இன்று ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தினசரி மாத்திரையில் கட்டுப்படும். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் சிறுநீரகத்தையும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். தைராய்டு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரத்த ஓட்டம் அதுவரை சிறுநீரகக் கோளாறை மறைத்து வைத்திருக்கக்கூடும்.

இரத்த அழுத்தம் பூனைக்கும் உண்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தி. சின்னப் பட்டையை முன்னங்காலிலோ வாலிலோ கட்டி அளப்பார்கள். மேல் அளவு 160ஐத் தாண்டி நிலைத்திருந்தால் கண், மூளை, சிறுநீரகம், இதயம் நான்கும் ஆபத்தில் இருக்கின்றன. அளக்காமல் விட்டால் ஒருநாள் காலையில் பூனை கண்மணி விரிந்து, நாற்காலியில் முட்டிக்கொண்டு நடக்கும். விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போயிருக்கும். மனிதர்கள் சாப்பிடும் அம்லோடிபின் மருந்தையே மிகச் சிறிய அளவில் பூனைக்கும் கொடுக்கிறார்கள். பார்வை போன அன்றே கொண்டு போனால் கொஞ்சம் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் போனால் அது அரிது. மாத்திரையின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், அப்பாவின் மாத்திரை டப்பாவிலிருந்து நீங்கள் உடைத்துக் கொடுக்கக் கூடாது.

தண்ணீர்ப் பாத்திரம்

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கவனிக்க முடியும் என்றால், தண்ணீர் குடிப்பதைக் கவனியுங்கள். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, தைராய்டு, கர்ப்பப்பைச் சீழ், குஷிங் எனப்படும் ஹார்மோன் நோய் எல்லாமே தாகத்தில்தான் முதலில் தலை காட்டும். குளியலறை வாளியில் வாய் வைப்பது, குழாய் சொட்டும் இடத்தில் காத்திருப்பது, இரவில் எழுந்து குடிப்பது, பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரை நக்குவது என்று புதிதாகத் தொடங்கினால் உஷாராகுங்கள்.

அளப்பது சுலபம். காலையில் அளவு ஜாடியால் அளந்து தாராளமாக ஊற்றி வையுங்கள், மற்ற பாத்திரங்களை எடுத்துவிடுங்கள், மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளங்கள். மூன்று நாள் செய்தால் சராசரி கிடைக்கும். நாய் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேலும், பூனை ஒரு கிலோவுக்கு 50 மில்லிக்கு மேலும் குடித்தால் பரிசோதனை அவசியம். 4 கிலோ பூனை ஒரு நாளைக்கு 200 மில்லி தாண்டக் கூடாது. நம் ஊர் வெயிலில் நாய் சற்று அதிகம் குடிக்கும்தான். ஆனால் போன கோடையை விட இந்தக் கோடையில் இரு மடங்கு குடிக்கிறது என்றால் வெயில் மேல் பழி போட முடியாது.

சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நாய்க்கும் பூனைக்கும் அது பொருந்தும். எறும்பு வந்தால் உடனே பரிசோதனை செய்யுங்கள். வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சர்க்கரை வந்த நாய்க்குக் கண்புரை சில மாதங்களிலேயே வந்துவிடும் என்பதால் தாமதம் பார்வையைப் பறிக்கும்.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஒரு கசப்பான உண்மை உண்டு. அதன் வேலைத்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் பூனை நீர்த்த சிறுநீரை அதிகம் கழிக்கத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் போன பிறகுதான் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறும். எனவே இரத்தத்தோடு சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பாஸ்பரஸ் குறைந்த உணவு, ஈரமான உணவு, பிரஷர் மாத்திரை என்று வருடக்கணக்கில் ஓட்டலாம். கருவாட்டு மண்டையைப் போட்டுப் பழக்கியிருந்தால் அந்த உப்பை நிறுத்துங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் சிறுநீர் போகிறது என்பதற்காகச் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்கும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதிகம் கழிப்பதால்தான் அது அதிகம் குடிக்கிறது. தண்ணீரை மறைத்தால் சிறுநீரகம் குறைந்த பிராணி ஓரிரு நாளில் படுத்துவிடும். கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் படுக்கையை நனைப்பது வேறு விஷயம். அது சிறுநீர்ப்பையின் வாய்த்தசை தளர்வதால் வருவது, அதற்கு மருந்து உண்டு. இரண்டுக்குமே அதட்டல் மருந்து ஆகாது.

தாவ யோசிக்கும் பூனை

12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஆனால் மூட்டுவலி என்று பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம், பூனை நொண்டாது. இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் வலித்தால் எந்தக் காலை நொண்டுவது? அது தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளும்.

பீரோ மேல் படுத்த பூனை கட்டிலுக்கு இறங்கும். கட்டிலில் படுத்தது தரைக்கு இறங்கும். ஜன்னல் திண்டைப் பார்த்து, பின்னங்காலை இரண்டு மூன்று முறை மாற்றி வைத்து, குறி பார்த்து, கடைசியில் தாவாமல் திரும்பிப் போய்விடும். அந்தத் தயக்கத்தை ஒரு முறை கூர்ந்து பார்த்தால் பிறகு மறக்காது. இன்னொரு அடையாளம் முதுகில் இருக்கிறது. கழுத்தைத் திருப்பி நக்க முடியாததால் இடுப்புக்கு மேலே மயிர் திரிதிரியாகச் சிக்கு பிடிக்கும். தோழி ஒருவரின் பதினைந்து வயதுப் பூனை, யார் மடியிலும் உட்காராமல் சீறத் தொடங்கியபோது "கிழவிக்குக் கோபம் வந்துடுச்சு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பாதத்தைப் பிரித்துப் பார்த்தால், தேயாமல் தடித்த நகம் வட்டமாக வளைந்து மெத்துப் பகுதிக்குள் குத்தி உள்ளே சீழ் கட்டியிருந்தது. வயதான பூனைகளில் இது அபூர்வமே அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லா நகங்களையும், முக்கியமாக உட்புறம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள்.

மணல் பெட்டிக்கு வெளியே மலம் கழிப்பதும் பல நேரம் மூட்டின் வேலைதான். விளிம்பு உயரமாக இருந்தால் காலைத் தூக்கி உள்ளே வைக்க வலிக்கும். பெட்டியின் ஒரு பக்கத்தை நாலு விரல் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பூனை படுக்கும் இடத்திலிருந்து அதிக தூரம் வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டால், அது நாலைந்து நாளில் அதைப் படியாக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

நாய்க்கு எதிரி நம் வீட்டுத் தரை. முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸில் வயதான நாய் எழ முயன்றால் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கி விரியும். இரண்டு முறை விழுந்தால் மூன்றாம் முறை எழவே யோசிக்கும். "சோம்பேறியாகிவிட்டது" என்று நாம் பேர் வைப்போம். படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ரப்பர் விரிப்போ, அடியில் வழுக்காத கால்மிதியோ, சணல் சாக்கோ வரிசையாகப் போட்டுவிடுங்கள். பாத விரல்களுக்கிடையே வளர்ந்த மயிரை வெட்டிவிடுங்கள். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு சொற்பம், பலன் அன்றைக்கே தெரியும். பாயசம், பிஸ்கட், மிச்ச நெய்ச்சோறு என்று ஏறிய எடையைக் குறைப்பது அடுத்த வேலை. மூட்டுவலிக்கு எடைக் குறைப்பை விடப் பெரிய மருந்து கிடையாது.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி இறந்துபோகும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவரும். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் கலந்த வலித்தைலம் எதையும் தடவாதீர்கள். தடவியதை நக்கி உள்ளே அனுப்பிவிடும். பிராணிகளுக்கென்றே நல்ல வலி மருந்துகள் இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

கதவின் தவறான பக்கம்

நாய்க்கும் பூனைக்கும் மறதி நோய் வரும். முதிய நாயின் மூளையில் படியும் புரதம், மனிதரின் அல்சைமர் நோயில் படியும் அதே வகைப் புரதம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டுக்கும், 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காட்டுக்கும் ஏதாவது ஒரு மறதி அடையாளமாவது இருந்தது.

எப்படித் தெரியும்? வெளியே போக வேண்டிய நாய், கதவு திறக்கும் பக்கத்தில் நிற்காமல் கீல் இருக்கும் பக்கத்தில் போய் நிற்கும். கதவைத் திறந்தாலும் அங்கேயே நிற்கும். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துவிட்டுப் பின்னால் வரத் தெரியாமல் முழிக்கும். வாசலுக்குப் போய் வந்த அடுத்த நிமிடம் கூடத்தில் சிறுநீர் கழிக்கும். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் நடக்கும். டைல்ஸில் நகம் தட்டும் அந்தச் சத்தம் வீட்டையே விழிக்க வைக்கும். பத்து வருடப் பழக்கமுள்ள ஆளை அந்நியரைப் போல் பார்க்கும்.

இவற்றைப் பார்த்த உடனே மறதி என்று முடிவு கட்டவும் கூடாது. இரவு நடமாட்டம் மூட்டுவலியாலும் வரும், சிறுநீரகத்தாலும் வரும். மற்றதையெல்லாம் பரிசோதித்து ஒதுக்கிய பிறகுதான் மறதி என்ற பெயர். அப்படித்தான் என்று ஆனால், முழுக் குணம் கிடையாது, ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. பகலில் இருமுறை சிறு நடை, மோப்பம் பிடித்துக்கொண்டே போக விடுங்கள், இழுக்காதீர்கள். தின்பண்டத்தைத் துணிக்குள் சுருட்டித் தேட விடுங்கள். மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். செலிஜிலின் என்ற மருந்து சில நாய்களுக்கு நன்றாக உதவுகிறது. வீட்டு ஆட்களின் தூக்கம் கெடுவதும் சின்ன விஷயமல்ல. மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

சுவரைப் பார்த்து நிற்பதும் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பதும் ஒன்றல்ல. இரண்டாவது மூளை அல்லது ஈரல் கோளாறின் அடையாளம். அன்றே காட்ட வேண்டும்.

நீலக் கண்ணும் கேளாத காதும்

ஏழெட்டு வயதுக்குப் பிறகு நாயின் கண்மணிக்குள் நீலச் சாம்பல் மூட்டம் தெரியத் தொடங்கும். பெரும்பாலும் இது கண்புரை அல்ல. கண் வில்லை வயதால் இறுகுவது. பார்வை பெரிதாகக் கெடாது, சிகிச்சையும் வேண்டாம். கண்புரை வெள்ளையாக, பால் தெறித்ததுபோல் இருக்கும். ஒரு பஞ்சுத் துண்டை அதன் முன்னால் சத்தமில்லாமல் போட்டுப் பாருங்கள். பார்வை தொடர்ந்தால் பயமில்லை. என்றாலும் ஒரு முறை கண்ணைப் பரிசோதித்துவிடுவது நல்லது.

தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கும் நாய் இந்த வருடம் வெடிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினால், தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். காது போயிருக்கும். இதற்கு நேர் எதிராக, இத்தனை வருடம் கவலைப்படாத நாய் முதுமையில் திடீரென மிக்ஸி சத்தத்துக்கே பயந்தால், எங்கோ வலி இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்கும் நாய்களுக்குச் சத்தத்தின் மீது புதிதாகப் பயம் வருவது ஆய்வுகளில் கவனிக்கப்பட்டிருக்கிறது.

காது கேளாத பிராணியைத் தூங்கும்போது தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். குழந்தைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். காலால் தரையில் தட்டி அதிர்வு கொடுத்து எழுப்பலாம். கண் நன்றாக இருக்கும்போதே "வா", "உட்கார்", "நில்" மூன்றுக்கும் கைச்சைகை பழக்கிவிடுங்கள். கேளாத நாயைச் சங்கிலி இல்லாமல் தெருவில் விடவே கூடாது, பைக் ஹாரன் அதற்குக் கேட்காது.

தலை சாய்ந்து விழும் நாய்

காலையில் எழுந்த நாயின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, கண்மணி இடவலமாகத் துடிக்கிறது, நின்றால் உருண்டு விழுகிறது, வாந்தி. பக்கவாதம் வந்துவிட்டது, இனி பிழைக்காது என்று அழுதுகொண்டே கருணைக்கொலைக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். வயதான நாயிடம் இந்தக் காட்சிக்கு மிகப் பொதுவான காரணம் உட்காதின் சமநிலைக் கருவி திடீரெனக் கெடுவது. ஏன் கெடுகிறது என்பதற்குப் பல நேரம் காரணமே அகப்படாது. இரண்டு மூன்று நாளில் தேறத் தொடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் நடக்கும். தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்தே நின்றுவிடலாம், அதனால் ஒரு குறையும் இல்லை. மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், காதுச் சீழும் மூளைக் கோளாறும் இதே வேஷத்தில் வரும். ஆனால் முதல் மூன்று நாளில் உயிரைப் பற்றிய எந்த முடிவையும் எடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் தலையணை அணைகொடுத்து, படிக்கட்டை அடைத்து, தண்ணீரைக் கையில் ஏந்திக் கொடுங்கள்.

மூச்சும் குரலும்

கைபேசியில் நேரம் வைத்து, நன்றாகத் தூங்கும் பிராணியின் மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நாயோ பூனையோ, 30க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து தாண்டினால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன நாய்களுக்கு முதுமையில் இதய வால்வு தடித்துக் கசிவது அதிகம். இரவில் படுத்தால் இருமல் வரும். பொமரேனியனுக்கு மூச்சுக்குழல் தளர்வதாலும் வறண்ட இருமல் வரும், கழுத்துப் பட்டை இழுத்தால் கூடும். மார்போடு அணைக்கும் பட்டைக்கு மாறிவிடுங்கள்.

வயதான லாப்ரடாரின் குரைப்பு கம்மிப்போனால் அலட்சியம் வேண்டாம். குரல்வளையைத் திறக்கும் தசை செயலிழப்பதன் முதல் அடையாளம் அது. பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டை வெளியேற்றுகிறது. குரல்வளை திறக்காவிட்டால் சூடு உள்ளேயே தங்கும். அக்னி நட்சத்திர நாட்களில் இப்படிப்பட்ட நாயைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நடைக்குக் கூட்டிப்போவது உயிருக்கே உலை வைக்கும். விடிவதற்கு முன் போய் வந்துவிடுங்கள்.

மற்ற சில

சாப்பாட்டுத் தட்டுக்கு ஆவலாக ஓடி வந்து, ஒரு வாய் எடுத்துவிட்டுக் கத்திக்கொண்டு பின்வாங்கினால் பல்வலி. நாய்க்குக் கண்ணுக்குக் கீழே வீங்கினால் அதுவும் பெரும்பாலும் கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டிய சீழ். மயக்க மருந்து தாங்காது என்று வயதைக் காட்டிப் பல்லை அப்படியே விடுவது எனக்குச் சம்மதமில்லை. இரத்தமும் இதயமும் பார்த்துவிட்டு, தகுந்த கவனத்தோடு செய்தால் பெரும்பாலானவை தாங்கும், பிடுங்கிய மறு வாரமே சாப்பாட்டில் மாற்றம் தெரியும்.

பூனை சிமெண்ட் சுவரை நக்கினால், மண் தின்றால் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரத்தசோகை. நாய்க்கு ஈறு வெளுத்தால், மூக்கில் இரத்தம் வந்தால், நம் ஊரில் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். அது மாதக்கணக்கில் உள்ளே பதுங்கியிருந்து, முதுமைத் தளர்ச்சி போலவே நாயை ஒடுக்கும்.

தோலுக்கடியில் உருளும் மெத்தென்ற கட்டிகள் பல நேரம் கொழுப்புக் கட்டிதான். ஆனால் தொட்டுப் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஊசி குத்திச் சிறிது எடுத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கருத்தடை செய்யாத பெண் நாய், தீட்டு முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் சோர்ந்து, சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வடியாமலும் இருக்கும், அதுதான் அதிக ஆபத்து. ஸ்வீடன் நாட்டுக் காப்பீட்டுப் பதிவுகளின்படி, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருகிறது. அறுவை செய்தால் பிழைக்கும். நாள் கடத்தினால் பிழைக்காது.

உணவில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வயதாகிவிட்டது, செரிக்காது என்று முட்டை, கறியை நிறுத்திவிட்டு வெறும் தயிர்சாதத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும் முதிய நாய்க்குப் புரதம் குறையக் கூடாது. குறைந்தால் தொடைச் சதை கரைந்து எழவே முடியாமல் போகும். பூனைக்கோ இறைச்சியும் மீனும் இல்லாத உணவு எந்த வயதிலும் ஆகாது.

அன்றைக்கே ஓட வேண்டியவை

ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவிப்பது. பூனையின் பின்னங்கால்கள் திடீரென விழுந்து, தொட்டால் குளிர்ந்திருந்து, வலியில் அலறுவது. அது இதயத்திலிருந்து கிளம்பிய இரத்தக்கட்டி. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் அலைவது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு. பூனை இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும்; முக்கியமாகக் குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். இவற்றில் எதற்கும் காலை வரை காத்திருக்க வேண்டாம். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனைகள் இயங்குகின்றன. உங்களுக்கு அருகில் இரவில் எது திறந்திருக்கும் என்பதை அவசரம் வருவதற்கு முன்பே விசாரித்து, தொலைபேசி எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

மருத்துவரிடம் எதைக் கொண்டுபோவது

முதலில் வீடியோ. மருத்துவமனை மேசையில் ஏற்றிய பூனை நொண்டாது, இருமாது, கத்தாது. வீட்டில் செய்வதைக் கைபேசியில் எடுத்து வையுங்கள். அடுத்து, காலையின் முதல் சிறுநீர். நாய் காலைத் தூக்கும்போது நீளக் காம்புள்ள பழைய கரண்டியை நீட்டிப் பிடித்துவிடலாம். பூனைக்கு மணல் பெட்டியை வெறுமையாக்கி, கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கற்களைக் கொஞ்சம் போட்டால் சிறுநீர் அடியில் தேங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோக முடியாவிட்டால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்றாவது, கொடுக்கும் எல்லா மருந்துகளின் அட்டை, நாட்டு மருந்தாக இருந்தாலும் சரி.

நான்காவது, எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். 4 கிலோ பூனை அரை கிலோ இழந்தால் எட்டில் ஒரு பங்கு உடம்பு போய்விட்டது என்று பொருள். கண்ணுக்கு அது தெரியாது, தினமும் பார்க்கும் கண்ணுக்கு நிச்சயமாகத் தெரியாது.

இந்த வாரத்திலேயே உங்கள் வீட்டு நாயையோ பூனையையோ எடை போட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம், சிறுநீர், பூனையாக இருந்தால் பிரஷரும். அடுத்த முறை யாராவது "வயசாயிடுச்சு, விடுங்க" என்று சொன்னால், இந்தப் பரிசோதனைகள் முடியும் வரை விடாதீர்கள்.